பொந்து மரமும் இரட்டைச் சொண்டும்: திருகோணமலைக் காடுகளின் இருவாட்சி

திருகோணமலைக்கு வரும் நண்பர்கள் பறவை பார்க்க வேண்டும் என்று கேட்டால், அவர்கள் மனதில் இருப்பது பெரும்பாலும் புறாத்தீவுதான். நிலாவெளிக் கரைக்கு எதிரே கிடக்கும் அந்தச் சிறு தீவு, பாறைகளில் அடையும் மாடப்புறாக்களால் அந்தப் பெயரைப் பெற்றது. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. அங்கே போகப் படகு இருக்கிறது, கட்டணச் சீட்டு இருக்கிறது, வழிகாட்டியும் இருக்கிறார்.

இம்மாவட்டத்துக் காடுகளில் அதைவிடப் பல மடங்கு பெரிய ஒரு பறவை வாழ்கிறது. அதைப் பார்க்கச் சீட்டு வாங்கத் தேவையில்லை. கன்னியா வெந்நீரூற்றைத் தாண்டி அனுராதபுரம் வீதியில் போகும்போதும், தம்பலகாமத்திலிருந்து கந்தளாய்ப் பக்கம் போகும்போதும், சேருவிலவிலிருந்து வெருகலுக்கு இறங்கும்போதும் நான் அதைக் கண்டிருக்கிறேன். மூதூர் கிழக்கில் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அதை ‘இரட்டைச் சொண்டுக் குருவி’ என்பார்கள். தமிழகத்தில் இருவாட்சி, இருவாச்சி, மலைமொங்கான் என்ற பெயர்கள் வழங்குகின்றன. சிங்களத்தில் ‘பொரோ கேதெத்தா’ என்று பெயர். ‘பொரோ’ என்றால் கோடரி.

நான் இந்தப் பறவையை முதன்முதலாக நின்று பார்த்தது 2006 வைகாசியில். அப்போது எனக்குப் பதினைந்து வயது.

ஆற்றங்கரையில் ஒரு மரம்

அந்த ஆண்டு ஏப்ரல் இறுதியில் சம்பூர்ப் பகுதி மீது குண்டுகள் விழத் தொடங்கியதும் மூதூர் கிழக்கு ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காலியாகின. நாங்கள் ஈச்சிலம்பற்றுப் பக்கம் போனோம். பள்ளிக்கூடக் கட்டடங்கள் நிரம்பிவிட்டதால் எங்கள் குடும்பம் உட்படப் பலர் மரங்களுக்குக் கீழே தறப்பாள் கட்டி இருந்தோம். ஆற்றுப் பக்கமாக ஒரு பெரிய மருதமரம் நின்றது. அதன் அடிமரத்தில், நாலு ஆள் உயரத்துக்கு மேல், ஒரு பொந்து.

ஒவ்வொரு நாள் காலையிலும் பெரிய பறவை ஒன்று அந்த மரத்துக்கு வரும். சிறகடிக்கும் சத்தம் முதலில் கேட்கும். பழைய நீராவி ரயில் புறப்படும்போது வருவது போல ‘உஸ், உஸ்’ என்று. பிறகு பொந்தின் அருகே பட்டையைப் பற்றிக்கொண்டு நின்று, தொண்டைக்குள்ளிருந்து ஒவ்வொரு பழமாகச் சொண்டு நுனிக்குக் கொண்டுவந்து, பொந்தில் இருந்த ஒரு வெடிப்புக்குள் கொடுக்கும். உள்ளிருந்து இன்னொரு சொண்டின் நுனி வந்து வாங்கிக்கொள்ளும்.

பிள்ளைகள் நாங்கள் கூடி நின்று பார்ப்போம். அம்மப்பா எங்களைத் தள்ளிப் போகச் சொன்னார். “உள்ளுக்குத் தாய் அடைபட்டுக் கிடக்குது. சத்தம் போடாதேங்கோ பிள்ளையள், ஆண் குருவி பயந்து வராமல் விட்டால் உள்ளுக்கு இருக்கிறது பட்டினியாய்க் கிடக்கும்.”

சில வாரங்களில் எங்களுக்கு நிவாரணமும் குறைந்தது. ஒருநாள் காலையில் எழும்பிப் பார்த்தால் பொந்தின் வாசல் உடைக்கப்பட்டிருந்தது. மரத்தடியில் இறகுகள் கிடந்தன. யார் செய்தது என்று எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் கேட்கவில்லை. அந்த வீட்டிலும் ஐந்து பிள்ளைகள். அன்று காலையும் ஆண் பறவை பழத்தோடு வந்தது. அடுத்த நாளும் வந்தது. பட்டையைப் பற்றிக்கொண்டு நின்று ஒரு பழத்தைச் சொண்டு நுனிக்குக் கொண்டுவரும், பிறகு திரும்ப விழுங்கும். எத்தனை நாள் வந்தது என்று நான் எண்ணவில்லை. எங்களோடு இருந்த சில அம்மாமார் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டார்கள்.

அதன் பின் நாங்கள் வெருகல், வாகரை, மட்டக்களப்பு முகாம், கிளிவெட்டி என்று அலைந்தோம். அந்தப் பறவையைப் பற்றித் தேடிப் படித்தது பல ஆண்டுகள் கழித்து, ஊடகக் கற்கை படித்த காலத்தில்தான். படித்தபோது அம்மப்பா சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழை இருக்கவில்லை.

உருவமும் உறவினரும்

ஆபிரிக்காவிலும் ஆசியாவிலுமாக அறுபதுக்கும் மேற்பட்ட இருவாட்சி இனங்கள் உள்ளன. இலங்கையில் இரண்டு. ஒன்று, நான் கண்ட கறுப்பு வெள்ளை இருவாட்சி. மலபார் இருவாட்சி என்று நூல்கள் சொல்லும். உலகில் இது இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்கிறது. மற்றையது இலங்கைச் சாம்பல் இருவாட்சி. சிங்களத்தில் ‘அளு கேதெத்தா’ எனப்படும் இது இந்தத் தீவுக்கு மட்டுமே உரியது. உருவில் சிறியது, கொண்டை இல்லாதது, ஈரவலயம் உலர்வலயம் இரண்டிலும் காணப்படுவது.

மலபார் இருவாட்சி சொண்டு நுனியிலிருந்து வால் நுனி வரை இரண்டரை முதல் மூன்று அடி இருக்கும். எடை ஒரு கிலோ அளவு. உடல் கறுப்பு, வயிறும் சிறகின் பின்விளிம்பும் வாலின் வெளி இறகுகளும் வெள்ளை. மஞ்சள் சொண்டு, அதன் மேல் இன்னொரு சொண்டைக் கவிழ்த்து வைத்தது போன்ற கொண்டை, அதில் பெரிய கறுப்புத் திட்டு. இரட்டைச் சொண்டு என்று பெயர் வந்தது இதனால்தான். ஆணின் கண் சிவப்பு. பெண்ணுக்குக் கண்ணைச் சுற்றி வெளிறிய தோல் இருக்கும்.

பார்ப்பதற்குப் பாரமாகத் தெரிந்தாலும் கொண்டை உள்ளே வெறுமையானது. அப்படியிருந்தும் இந்தப் பெரிய சொண்டைத் தாங்குவதற்காக இருவாட்சிகளின் கழுத்தில் முதல் இரண்டு எலும்புகள் ஒன்றாக இணைந்திருக்கின்றன. சிறகுச் சத்தத்துக்கும் காரணம் உண்டு. மற்றப் பறவைகளில் பெரிய சிறகிறகுகளின் அடிப்பகுதியைச் சிற்றிறகுகள் மூடியிருக்கும். இருவாட்சிக்கு அந்த மூடல் குறைவு. பறக்கும்போது காற்று இடுக்குகளால் பாய்ந்து ஒலிக்கிறது. காட்டில் இதைக் கண்ணால் காண்பதற்கு முன் காதால் அறியலாம்.

அடைபடும் தாய்

உலர்வலயத்தில் இதன் இனப்பெருக்கக் காலம் சித்திரையில் தொடங்கி ஆனி, ஆடி வரை நீள்கிறது. சோளகம் வீசும் காலம். வெளியே புல் காய்ந்து கிடந்தாலும், காட்டில் பாலையும் வீரையும் பழுக்கும் மாதங்கள் இவை.

பெண் பறவை பொந்துக்குள் நுழைந்ததும் தன் எச்சம், பழச்சதை, மண் ஆகியவற்றைக் கொண்டு வாசலைப் பூசி அடைக்கும். காய்ந்தால் அது சுவர் போல இறுகும். சொண்டு நுனி போய்வரக்கூடிய நெடுக்கான வெடிப்பு மட்டுமே எஞ்சும். உள்ளே இரண்டு அல்லது மூன்று முட்டைகள். அடைகாத்துக் குஞ்சு பொரிக்க ஏறத்தாழ ஒரு மாதம். பிறகு குஞ்சு வளரும் காலம். எல்லாமாக ஏறத்தாழ மூன்று மாதங்கள் அந்தப் பொந்தின் வாசல் மூடியே இருக்கும்.

இந்தக் காலத்தில் பெண் தன் சிறகிறகுகளையும் வாலிறகுகளையும் உதிர்த்துவிட்டுப் புதிதாக வளர்த்துக்கொள்கிறது. அதாவது உள்ளே இருக்கும் தாயால் பறக்க முடியாது. பாம்பு, உடும்பு, குரங்கு போன்றவற்றிடமிருந்து அந்தச் சுவர் அதைக் காக்கிறது. உணவுக்கோ அது முற்றாக ஆணை நம்பியே இருக்கிறது. ஆண் ஒரு நாளில் பல முறை, பழத்தைத் தொண்டையில் சேர்த்து எடுத்துக்கொண்டு வருகிறது. குஞ்சு பொரித்த பின் பூச்சி, ஓணான், சிறு பாம்பு என்று இரையும் கொண்டுவரும். ஆண் சுடப்பட்டாலோ பொறியில் மாட்டினாலோ, அந்தக் கூடு தப்புவது அரிது. ஆகவே வேட்டைக்காரர் ஒரு பறவையைக் கொல்லும்போது ஒரு குடும்பமே போகிறது.

பழம் தின்று காடு விதைப்பது

பாலைப்பழம் தின்று உதடு ஒட்டிக்கொண்ட அனுபவம் எங்கள் ஊர்களில் இல்லாதவர் குறைவு. அந்தப் பழம் எங்களுக்கு விடுமுறைக் காலத் தீன்; இருவாட்சிக்கு வாழ்வு. பாலை, வீரை, ஆல், அரசு, அத்தி ஆகியவை இதன் முக்கிய உணவு. எட்டிப் பழமும் தின்னும். எட்டி விதையில் இருப்பது ஆளைக் கொல்லும் நஞ்சு. இருவாட்சியோ சதையை மட்டும் செரித்துவிட்டு விதையை முழுதாக வெளியே கக்கிவிடுகிறது.

இதில்தான் இதன் பயன் இருக்கிறது. சிறு குருவிகளால் விழுங்க முடியாத பெரிய விதைகளை இது முழுதாக விழுங்கி, தாய் மரத்திலிருந்து தொலைவில் போய்க் கக்குகிறது. தாய் மரத்தின் நிழலிலேயே விழும் விதையில் முளைத்துத் தப்புவது மிகக் குறைவு. தொலைவில் விழுந்தால் வாய்ப்பு உண்டு. கைவிடப்பட்ட சேனைக்குள், எரிந்த காட்டுக்குள், வெட்டவெளிக்குள் பெருமரங்கள் திரும்பி வருவது இத்தகைய பறவைகளாலும் வௌவாலாலும் கரடியாலும்தான்.

பொந்து மரத்தைக் கண்டுபிடிக்கும் வழியும் இதுவே. அடியில் பாலை விதையும் வீரை விதையும் எச்சமும் குவிந்து கிடந்தால், மேலே பார்க்க வேண்டும். அம்மப்பா இப்படித்தான் பார்ப்பார்.

பொந்து ஒன்று உருவாக எவ்வளவு காலம்?

மரங்கொத்தி தன் பொந்தைத் தானே குடையும். இருவாட்சியால் அது முடியாது. கிடைக்கும் பொந்தை எடுத்துக்கொள்ளத்தான் அதற்குத் தெரியும். ஒரு கிலோ எடையுள்ள தாயும் வளரும் குஞ்சுகளும் மூன்று மாதம் இருக்கும் அளவுக்குப் பொந்து பெரிதாக வேண்டும் என்றால், அடிமரம் அதைவிடப் பருமனாக இருக்க வேண்டும். முதலில் ஒரு பெரிய கிளை முறிய வேண்டும். அந்தக் காயத்தில் பூஞ்சணம் பிடித்து உள்மரம் உக்க வேண்டும். மரம் அத்தனைக்கும் சாகாமல் நிற்க வேண்டும். இவையெல்லாம் நடக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். பாலை போன்ற மெதுவாக வளரும் மரத்தில் இன்னும் கூட.

நல்ல பொந்து கிடைத்தால் ஆண்டுதோறும் அதற்கே திரும்பி வரும் பழக்கம் இருவாட்சிகளுக்கு உண்டு. எனவே ஒரு காட்டில் எத்தனை இருவாட்சிக் குஞ்சுகள் பறக்கும் என்பதைப் பழத்தின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. பொந்துள்ள முதிய மரங்களின் எண்ணிக்கையும் தீர்மானிக்கிறது. மரநடுகை விழாக்களில் நடப்படும் கன்றுகளை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இன்று நடும் கன்றில் இருவாட்சி குடியேற வேண்டும் என்றால் எங்கள் பேரப்பிள்ளைகளின் காலம் வர வேண்டும்.

துறைமுகமும் மரமும்

திருகோணமலையின் பெயர் உலக மரச் சந்தையில் ஒரு மரத்துக்கே பெயராக இருந்தது. நாங்கள் சாவண்டலை என்று சொல்லும் மரத்தை ஆங்கிலேய வணிகர்கள் ‘திருகோணமலை மரம்’ என்றே குறிப்பிட்டார்கள். சென்னைக் கடற்கரையில் அலையைக் கடந்து ஆட்களை ஏற்றி இறக்கிய மசூலாப் படகுகளுக்கு விரும்பப்பட்ட மரம் அது. கப்பல்கள் வந்து நிற்கும் துறையின் பின்னாலேயே காடு இருந்ததால் மரமும் எளிதில் கப்பலேறியது.

அதே துறைமுகம் இப்பறவைக்கு ஒரு பதிவாளரையும் தந்தது. ஆங்கிலேயப் பீரங்கிப் படை அதிகாரியான வின்சென்ட் லெக் 1868 முதல் 1877 வரை இலங்கையில் பணியாற்றினார். அதில் ஒரு பகுதி திருகோணமலையில். கோட்டையில் கடமை, ஓய்வில் காடு. அவருடைய இலங்கைப் பறவைகள் வரலாறு 1878 முதல் 1880 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது; இன்றுவரை எல்லோரும் திரும்பிப் பார்க்கும் நூல். தாஸ்மேனியாவில் பிறந்த அவர் பிறகு அங்கேயே திரும்பி, 1901இல் அவுஸ்திரேலியப் பறவையியலாளர் சங்கத்தின் முதல் தலைவரானார்.

இரண்டாம் உலகப் போரில் இந்தத் துறைமுகம் மீண்டும் குறியானது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் தாக்கியதில் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்று அழிந்தது. மிச்சமான 99 தாங்கிகளில் பெரும்பாலானவை பின்னர் பல பத்தாண்டுகள் பயனின்றிக் கிடந்தன. மேல்தொகுதித் தாங்கிகளைச் சுற்றிக் காடு அடர்ந்து மூடிவிட்டது. 2022 ஜனவரியில் அவற்றை மீண்டும் பயன்படுத்துவதற்கு இலங்கையும் இந்திய நிறுவனமும் ஒப்பந்தம் செய்தன. அந்தப் பக்கம் வீதியோரத்தில் நின்ற ஒரு மாலையில், அக்காட்டிலிருந்து இரண்டு இருவாட்சிகள் எழும்பி வளைகுடாவைக் குறுக்கே கடந்து போனதைக் கண்டேன். மனிதர் விட்டுப் போன இடத்தைக் காடு எடுத்துக்கொள்கிறது. ஆனால் அப்படி வளர்ந்த காடு எவ்வளவு காலம் விட்டுவைக்கப்படும் என்று அங்கே யாரும் எழுதி வைப்பதில்லை.

போர் காட்டைக் காப்பாற்றியதா?

போரால் காடு பிழைத்தது என்று ஒரு பேச்சு உண்டு. அதில் பாதி உண்மை. மரம் தறிக்க ஆட்கள் போகப் பயந்த காடுகள் நின்றன. சேனை வெட்டாத இடங்கள் பற்றையாகி, பற்றை காடானது. நாங்கள் திரும்பி வந்தபோது வளவுக்குள் அத்திவாரத்தைத் தேட வேண்டியிருந்தது.

மறுபாதியை அந்தப் பேச்சு சொல்வதில்லை. வீதியின் இருமருங்கும் பாதுகாப்புக்காகக் காடு அழிக்கப்பட்டது. காப்பரணுக்கும் பதுங்குகுழிக்கும் பருத்த மரங்களே தறிக்கப்பட்டன. வேட்டைக்குத் துவக்குப் பஞ்சமில்லாத காலமாகவும் அது இருந்தது. பதினைந்து ஆண்டில் பற்றை காடாகலாம்; பதினைந்து ஆண்டில் பொந்து வராது. பச்சையாகத் தெரியும் எல்லாக் காடும் இருவாட்சிக்குக் காடு அல்ல.

போர் முடிந்த பின் வந்தது வேறு வகை அழுத்தம். சம்பூரை எடுத்துக்கொள்வோம். 2006இல் மக்கள் வெளியேறினார்கள். பிறகு அது உயர் பாதுகாப்பு வலயம் ஆனது, கைத்தொழில் வலயத்துக்கென ஒதுக்கப்பட்டது, 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் வரும் என்றார்கள். 2015இலும் 2016இலும் காணிகள் விடுவிக்கப்பட்டன; 2016இல் நிலக்கரித் திட்டமும் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரல் 5ஆம் திகதி அங்கே 120 மெகாவாற் சூரிய மின்திட்டம் தொடக்கி வைக்கப்பட்டது. ஒவ்வொரு திட்டமும் காகிதத்தில் வெறும் நிலமாகவே அந்த ஊரைக் காட்டியது. அதில் ஆட்களின் வளவும் இருந்தது. நிழலுக்கும் பழத்துக்கும் என்று தலைமுறையாக விட்டுவைத்த மரங்களும் இருந்தன.

“எழுதாதேங்கோ பிள்ளை”

கடந்த ஆண்டு வைகாசியில், அந்த மருதமரத்தைத் தேடி ஆற்றங்கரைக்குப் போனேன். மரம் இல்லை. ஒரு பெருவெள்ளத்தில் கரை அரித்துச் சரிந்ததாக அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா சொன்னார். மேலே மணல் அள்ளும் உழவு இயந்திரங்கள் போய்வந்த தடம் தெரிந்தது.

அவருக்குப் பறவையைத் தெரிந்திருந்தது. வேறொரு மரத்தில் இப்போதும் அடைபடுகிறது என்றார். எங்கே என்று கேட்டதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கையில் இருந்த தடியால் ஒரு திசையைக் காட்டிவிட்டு, “எழுதாதேங்கோ பிள்ளை” என்றார்.

ஏன் என்று கேட்டேன். வேட்டைக்காரருக்குப் பயம் என்று நினைத்தேன். அவருடைய பயம் வேறு. “குருவி இருக்கெண்டு தெரிஞ்சால் இது காடெண்டு சொல்லிக் கல்லு நடுவாங்கள். பிறகு எங்கட மாட்டை எங்க விடுறது? வயலுக்கு எங்கால போறது?” இடம்பெயர்ந்து திரும்பியவர்களின் வயல்களுக்கும் மேய்ச்சல் தரைகளுக்கும் ‘வனம்’ என்று எல்லைக் கல் நடப்பட்ட கதைகளை நான் பல ஊர்களில் எழுதியிருக்கிறேன். உறுதி எரிந்து போனவர்கள், அனுமதிப்பத்திரம் தொலைந்தவர்கள், இருபது ஆண்டு உழாததால் காடு வளர்ந்த காணிக்கு உரிமை கேட்டு நிற்பவர்கள். அவர்களிடம் போய்ப் பறவையைக் காப்போம் என்று சொன்னால், அவர்களுக்குக் கேட்பது காணி போகப் போகிறது என்பதுதான்.

அந்த அம்மா அந்த மரத்தைக் காத்து வருகிறார். பேரப்பிள்ளைகளுக்குக் கல்லெறியக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறார். ஆனால் அதை வெளியில் சொல்லப் பயப்படுகிறார். இலங்கையில் இப்பறவை 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் பாதுகாக்கப்படுகிறது. உலகப் பட்டியலில் ‘அச்சுறுத்தலை நெருங்கிய’ இனமாக இருக்கிறது. ஆனாலும் அந்த வைகாசியில் அக்கூட்டைக் காத்துக்கொண்டிருந்தது சட்டத்தின் பெயர்கூடக் கேள்விப்படாத ஒருவர். அவரைச் சட்டத்துக்குப் பயப்பட வைத்தது யார் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

மற்ற இடங்களில் என்ன செய்தார்கள்?

தென் தாய்லாந்தின் நராதிவாட் மாகாணத்தில் புடோ மலைத்தொடர் இருக்கிறது. மலாய் முஸ்லிம்கள் வாழும், நீண்டகாலம் ஆயுத மோதல் நடந்துவரும் பகுதி. அங்கே இருவாட்சிக் குஞ்சுகளைத் திருடி விற்பது ஒரு வருமான வழியாக இருந்தது. மகிடோல் பல்கலைக்கழகத்தின் பிலாய் பூன்சுவாட் 1978 முதல் தாய்லாந்தின் இருவாட்சிகளை ஆராய்ந்து வந்தவர். 1990களில் அவர் புடோ கிராமங்களுக்குப் போனார். எந்த மரத்தில் எந்தக் கூடு என்று குஞ்சு திருடியவர்களுக்கே மிக நன்றாகத் தெரியும் என்பதால், அவர்களையே கூட்டுக் காவலர்களாகவும் பதிவாளர்களாகவும் சேர்த்தார். நகரத்தில் இருப்பவர்கள் ஒரு கூட்டுக்குப் பணம் கட்டிப் பொறுப்பேற்க, அந்தப் பணம் காவலருக்குப் போகும். உள்ளே உக்கித் தாழ்ந்த பொந்துகளை மண்ணிட்டு உயர்த்துவது, ஒடுங்கிய வாசலைச் செதுக்கி அகலமாக்குவது போன்ற வேலைகளையும் செய்தார்கள். மோதல் தீவிரமான ஆண்டுகளிலும் அந்தக் காவல் நின்றது. காரணம், காவலர்கள் அந்த ஊரவர்கள். 2006இல், நாங்கள் மரத்தடியில் இருந்த அதே ஆண்டில், பிலாய்க்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

இந்தியாவின் அருணாசலப் பிரதேசத்தில் நிஷி மக்களின் ஆண்கள் தலையணியில் இருவாட்சிச் சொண்டைச் செருகுவது மரபு. அதைத் தடை செய்வதோடு நிற்காமல், கண்ணாடியிழையில் செய்த சொண்டுகளைக் கொடுத்தார்கள். பக்கே புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊர்களில் 2011, 2012 அளவில் கூடு தத்தெடுக்கும் திட்டம் தொடங்கியது. அங்கும் காவலர்கள் ஊரவர்களே; அவர்களில் முன்னாள் வேட்டைக்காரர்களும் உண்டு.

தீவுகளில் வாழும் இனங்களுக்கு ஆபத்து இன்னும் கூர்மையானது. அந்தமானில் உள்ள நார்கொண்டம் தீவு ஏழு சதுர கிலோமீற்றருக்கும் குறைவானது. நார்கொண்டம் இருவாட்சி உலகில் அங்கே மட்டுமே உண்டு. அந்தத் தீவில் கடலோரக் காவல்படை ராடார் நிலையம் அமைக்கக் கேட்டபோது, 2012இல் இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சு பறவையின் பெயரால் மறுத்தது. 2014இல் அனுமதி வழங்கப்பட்டது. பாதுகாப்பு என்ற சொல் வரும்போது காடும் பறவையும் எவ்வளவு விரைவில் பின்னுக்குப் போகும் என்பது எங்களுக்குப் புதிதல்ல.

எங்கள் ஊர்களில் செய்யக்கூடியவை

பெரிய நிதியோ திட்டமோ இல்லாமல் தொடங்கக்கூடிய சில வேலைகள் உண்டு.

முதலாவது, பொந்து மரங்களை அறிந்துகொள்வது. சித்திரை முதல் ஆடி வரை, அடியில் விதை குவிந்த பருத்த மரங்களைப் பெரியவர்களிடம் கேட்டுக் குறித்துவைக்கலாம். அந்தக் குறிப்பு ஊரிடமே இருக்கட்டும். பாடசாலை, கிராம அபிவிருத்திச் சங்கம், கோயில் நிர்வாகம் என்று ஊர் நம்பும் ஓரிடத்தில் இருந்தால் போதும்.

இரண்டாவது, துப்புரவு செய்யும்போது பொந்துள்ள மரத்தை விடுவது. உள்ளே உக்கிய மரம் பலகைக்கு உதவாது. விற்றாலும் விலை போகாது. எங்களுக்குப் பயனற்றது என்று முதலில் தறிக்கப்படுவது அதுதான். இருவாட்சிக்கு அதுதான் ஒரே வீடு. எங்கள் பக்கத்துச் சேனைக்காரர் பாலையையும் வீரையையும் பழத்துக்காக விட்டுவைத்த பழக்கம் இருந்தது. அதைத் திரும்பக் கொண்டுவருவதற்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

மூன்றாவது, அடைபட்ட கூட்டுக்குக் கிட்டப் போகாமல் இருப்பது. ஒளிப்படம் எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஆண் பறவை தயங்கித் திரும்பும் ஒவ்வொரு தடவையும் உள்ளே ஒரு வேளை உணவு தவறுகிறது.

நான்காவது, அதிகாரம் உள்ளவர்கள் செய்ய வேண்டியது. மீளக் குடியேறியவர்களின் காணிப் பிரச்சினையைத் தீர்க்காமல் அவர்களின் ஊர்களில் காட்டைக் காப்பது நடக்காத காரியம். தன் காணி தன்னுடையது என்று உறுதியாகத் தெரிந்த ஒருவர், தன் வேலிக்குப் பக்கத்தில் கூடு இருப்பதைச் சத்தமாகச் சொல்வார். தெரியாதவர் மறைப்பார், அல்லது கல் நடப்படுவதற்கு முன் மரத்தைத் தறிப்பார். புடோவிலும் பக்கேயிலும் நடந்தது இதன் மறுபக்கம்தான்: ஊரவரை நம்பினார்கள், கூடு பிழைத்தது.

அந்த அம்மா காட்டிய திசையில் அன்று மாலை போய்ப் பார்த்தேன். மரத்துக்கு அருகில் போகவில்லை. தூரத்தில், ஒரு புற்றுக்குப் பின்னால் இருந்துகொண்டேன். வெயில் தாழ்ந்த நேரத்தில் சிறகுச் சத்தம் கேட்டது. ஆண் பறவை பொந்தடியில் வந்து பற்றிக்கொண்டு, ஒவ்வொரு பழமாக உள்ளே கொடுத்தது. பதினொன்று எண்ணினேன். பதினொன்றையும் உள்ளிருந்த சொண்டு வாங்கிக்கொண்டது.

அந்த மரம் எங்கே நிற்கிறது என்பதை இந்தக் கட்டுரையில் எழுதவில்லை. அந்த அம்மா தானாக எழுதச் சொல்லும் காலம் வந்தால் எழுதுவேன்.